பெட்டிக்காரன் இல்லாத பக்கம்

நம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி நீங்கள் கேட்டபோது, விளையாட்டுப் போட்டியைப் பற்றியோ சரஸ்வதி பூசையைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு முறை ஆரம்பித்தேன். இரண்டையும் கிழித்துப் போட்டேன். எழுத வேண்டியது வேறொன்று என்று தெரிந்தே அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். இதை மலரில் போடுவது சரியா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை. சரியில்லை என்று பட்டால் விட்டுவிடுங்கள். ஆனால் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராவில் இருந்தவளுக்கு மட்டும் இதை எப்படியாவது அனுப்பிவிடுங்கள். அவள் இப்போது கந்தப்பளையில் இருக்கிறாள்.

கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒருவனைத் தேடும் அவளுடைய படப் புத்தகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரே ஒரு நாள் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தாள். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் அப்போது ஒரே மண்டபத்தில்தானே. இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகும் அவளுடைய மேசையைச் சுற்றி நின்ற தலைகள் கலையவில்லை. கணக்கு சேர் பிரம்போடு வந்தார். வந்தவரும் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "எங்கடா இருக்கான் அவன்?" என்று உங்களிடமே கேட்டார். அன்றைக்குக் கணக்குப் பாடம் நடக்கவில்லை. நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நான் மட்டும் என் இடத்தில் உட்கார்ந்து கொப்பியில் ஓரக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை பக்கத்துக்குக் கோடு போட்டேன் என்று தெரியாது. அந்தக் கொப்பி முடியும்வரை எனக்கு ஓரக்கோடு போடும் வேலையே இருக்கவில்லை.

லயத்தில் கடைசிக் காம்பரா எங்களுடையது. அதற்கு முந்தியது அவர்களுடையது. அவளுடைய அம்மாவை நான் சின்னம்மா என்பேன். என் அம்மாவை அவள் பெரியம்மா என்பாள். சொந்தமெல்லாம் இல்லை. ஒரே சுவருக்கு இரண்டு பக்கத்திலும் இருந்ததால் வந்த முறை. அந்தச் சுவரும் கூரைவரை போகாது. அவர்கள் வீட்டில் வெங்காயம் தாளித்தால் எங்கள் வீட்டில் கண் எரியும். எங்கள் அப்பா இருமினால் அந்தப் பக்கமிருந்து சித்தப்பா சுடுதண்ணீர் குடிக்கச் சொல்வார்.

சின்னம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தார். சித்தப்பாவுக்குத் தேயிலை பெக்டரியில் பின்னேர வேலை. ஆகவே பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து சித்தப்பா வரும்வரை அவள் எங்கள் வீட்டில்தான். எங்களோடு சாப்பிடுவாள், எங்கள் அடுப்படியில் குளிர் காய்வாள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததாக ஞாபகம் இல்லை. அந்தப் புத்தகம் வரும்வரை.

புத்தகம் வந்தது மழைக் காலத்தில். சின்னம்மா கடல் வழியாக அனுப்பிய பெரிய அட்டைப்பெட்டியை சித்தப்பாவும் அப்பாவும் ரோட்டிலிருந்து தூக்கி வந்து வாசல் இஸ்தோப்பில் வைத்தார்கள். லயமே கூடி நின்றது. பெட்டியைப் பிரித்ததும் முதலில் வந்தது வாசனைதான். சவர்க்காரமும் புதுப் போர்வையும் ஏதோ இனிப்பும் கலந்த வாசனை. எங்கள் லயத்தில் அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் விறகுப் புகையும் நனைந்த கம்பளியும் சேர்ந்த மணம்தான். அந்தப் பெட்டி மட்டும் வேறொரு வீட்டை அப்படியே மூடி அனுப்பியதுபோல் இருந்தது. எனக்கு ஸ்ட்ரோபரி மணக்கும் அழிறப்பர் ஒன்று கிடைத்தது. அதை முகர்ந்து பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் பெட்டியின் அடியிலிருந்து அவள் புத்தகத்தை எடுத்தாள்.

சின்னம்மா வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் கழித்துவிட்ட புத்தகம் அது. ஒரு மூலையை யாரோ கடித்திருந்தார்கள். தடித்த அட்டை. விரித்து வைத்தால் எங்கள் வீட்டுப் பலகை வாங்கையே மறைக்கும். அட்டையில் அரபு எழுத்து மட்டும் இருந்தது. உள்ளே எழுத்தே இல்லை. அட்டையில் ஒரு மெலிந்த மனிதன் தனியாக நின்றான். நீளமான மூக்கு. ஒரு காலில் மட்டும் காற்சட்டையைச் சுருட்டிவிட்டிருந்தான். கையில் மஞ்சள் பெட்டி. உள்ளே சந்தை, கடற்கரை, கப்பல், ஆஸ்பத்திரி, பனி மலை என்று ஒவ்வொரு விரிப்பிலும் நூற்றுக்கணக்கான ஆட்கள். அந்தக் கூட்டத்தில் எங்கோ அவனும் இருந்தான், ஓர் அரிசி அளவில். அவனுடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. பெட்டிக்காரன் என்று அவள் பெயர் வைத்தாள்.

இப்போது என் மகள் அப்படியொரு புத்தகத்தைப் பள்ளி வாசிகசாலையிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அவளுடைய புத்தகத்தில் மறைந்திருப்பது கறுப்புக் கண்ணாடி போட்ட பூனை. என் கைபேசியில் அவளுக்கென்று ஏழெட்டு விளையாட்டுகள் இருக்கின்றன. அவற்றை ஒரு பக்கம் போட்டுவிட்டு இதன் மேல் குப்புறப் படுத்துக் கிடக்கிறாள். இதில் என்னதான் இருக்கிறது என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன். ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் பிறகு அந்தப் பக்கத்தில் பூனை மட்டும்தான் கண்ணில் படும். அப்படியும் மறுநாள் திறந்து, தெரியாததுபோல் முதலிலிருந்து தேடுகிறாள். புத்தகத்துக்கும் பிள்ளைக்கும் இடையில் ஒரே ஒரு உடன்பாடுதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தேடினால் இருக்கும். இன்றைக்குக் கிடைக்காவிட்டாலும் அங்கேதான் இருக்கும். அந்த நம்பிக்கையில்தான் பிள்ளைகள் பக்கத்தைத் திருப்புகிறார்கள்.

அந்த உடன்பாட்டைத்தான் நான் கெடுத்தேன்.

முதலில் அவள் புத்தகத்தோடு என்னிடம்தான் வந்தாள். "அக்கா, வா தேடுவோம்" என்று கூப்பிட்டாள். எனக்கு அந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. அப்பா டவுனிலிருந்து வாங்கி வந்த வினாத்தாள் கட்டு என் முன்னால் எப்போதும் கிடக்கும். அதோடு, எனக்குத் தேடவும் வரவில்லை. நான் ஒவ்வொரு ஆளாகப் பார்ப்பேன். இவன் இல்லை, இவன் இல்லை என்று பார்த்துக்கொண்டே போகையில் எங்கே ஆரம்பித்தேன் என்பது மறந்துபோகும். அவளும் அப்படித்தான். இரண்டு பேரும் சந்தைப் படத்தோடு ஒரு பின்னேரம் முழுக்க மல்லுக்கட்டினோம்.

அம்மா கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்தவர், தலையில் கட்டியிருந்த ஈரச் சீலையை அவிழ்த்தபடியே எங்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். அவள் அட்டையைத் திருப்பிக் காட்டினாள். அம்மா படத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு விரலை வைத்தார். வாழைக்குலை வண்டிக்குப் பின்னால், ஒரு குடையின் கீழே அவன் நின்றான்.

அந்த விரலை நான் இன்னும் மறக்கவில்லை. கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த நகம், வெடித்த நுனி, அதற்குக் கீழே மஞ்சள் பொட்டாக அந்தப் பெட்டி.

"எப்படி பெரியம்மா?"

"ஒவ்வொண்ணா பாத்தா ஒண்ணும் தெரியாது புள்ள. மொத்தமா பாத்துட்டு சும்மா இரு. எது மத்ததோட சேரலையோ அதுவே கண்ணுல வந்து நிக்கும். கொழுந்து அப்படித்தான எடுக்கிறோம்."

அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. அம்மா வந்ததும் முகம் கழுவி, அடுப்பில் தேத்தண்ணீருக்கு வைத்துவிட்டு, அடுப்படிப் பலகையில் உட்காருவார். அவள் புத்தகத்தை அம்மாவின் மடியில் விரிப்பாள். மலையில் கங்காணி ஆளுக்கொரு தேயிலை நிரை பிரித்துக் கொடுப்பதுபோல் அம்மா படத்தைப் பிரிப்பார். "இது உன் நெரை, இது என் நெரை. நெரைய விட்டுட்டுப் பாஞ்சா கங்காணிக்கிட்ட ஏச்சு வாங்குவ" என்பார். அவள் சிரித்துக்கொண்டே தன் நிரையைக் கீழிருந்து மேலே விரலால் எடுத்துப் போவாள். விட்டுப்போன இடத்தை அம்மா தட்டிக் காட்டுவார். "இங்க பாரு, முத்துன எலைய விட்டுட்டுப் போற. கண்டாக்கு ஐயா வந்தா என்ன சொல்லுவாரு?" என்பார். அவள் உடனே குரலைத் தடிப்பாக்கி, கங்காணிக்கு மேல் உள்ள கண்டாக்கு ஐயாவைப்போல் ஏசிக் காட்டுவாள். அம்மா சிரிப்பார். அம்மாவுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அந்த மழைக் காலத்தில்தான் தெரிந்தது.

நான் ஆறடி தள்ளி வாங்கில் உட்கார்ந்து பின்னக் கணக்குச் செய்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் எழுந்து போய் அம்மாவின் மறுபக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு நிரை தாருங்கள் என்று கேட்டேன். அம்மா என்னைப் பார்த்தார். முந்தானையால் என் முகத்தில் இருந்த மைக்கறையைத் துடைத்துவிட்டார். "நீ படிக்கிற புள்ள. உனக்கு எதுக்கு இந்தப் பொம்மையெல்லாம்? போ கண்ணு, போய்ப் படி" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதால் எனக்குத் திருப்பிக் கேட்க வழியில்லாமல் போய்விட்டது.

அம்மா என் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. நான் வாசிக்கும்போது எதிரில் உட்கார்ந்ததில்லை. கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினால், நிமிர்ந்து பார்க்காமலே நல்லாயிருக்கு என்பார். அப்பாவாவது சரி போட்ட அடையாளங்களை எண்ணிப் பார்ப்பார். அந்த வயதில் நான் கண்ட கணக்கு இதுதான்: அம்மாவிடம் ஒரு மடி இருக்கிறது, அது அவளுக்குப் போய்விட்டது, எனக்கு வினாத்தாள் கட்டு மிஞ்சியிருக்கிறது. அவளுடைய அம்மா கடல் கடந்து இருக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்தான். அவளுக்கு வாசனைப் பெட்டி அனுப்ப ஓர் அம்மா, மடியில் வைத்துக்கொள்ள இன்னோர் அம்மா என்றுதான் என் மனது அதை எடுத்துக்கொண்டது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டி தட்டும்போது அம்மா அவளுக்கு முதல் ரொட்டியைப் போட்டால் எனக்குப் பசிக்காது. அவளுக்குத் தலை வாரிவிட்டால் என் தலையை நானே அவிழ்த்துக் கலைத்துவிட்டு நிற்பேன். பேன் பார்க்க வேண்டுமா என்று அம்மா கேட்பார்.

புத்தகத்தின் எல்லாப் பக்கத்திலும் பெட்டிக்காரனைப் பிடித்தாயிற்று. கடைசி விரிப்பு மட்டும் மிஞ்சியது. அது ஒரு விமான நிலையம். கண்ணாடிக் கதவுகள், வரிசைகள், தள்ளுவண்டிகள், அழும் பிள்ளைகள், எல்லோர் கையிலும் பெட்டி. அதில் எத்தனையோ மஞ்சள் பெட்டிகள். அந்தப் பக்கத்தைத் திறந்தால் அவள் சத்தமில்லாமல் பார்ப்பாள். தன் அம்மாவும் இந்த மாதிரி இடத்தால்தான் போனார் என்று ஒருமுறை சொன்னாள். தன் அம்மாவைப்போல் கயிறு கட்டிய பையோடு யாராவது நிற்கிறார்களா என்றும் அவள் தேடியிருக்கக்கூடும். அம்மாவாலும் அந்தப் பக்கத்தில் அவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மொத்தமாகப் பார்த்தாலும் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது என்றார்.

ஒருநாள் மழை பிடித்து அரை நாளோடு வேலை நின்றது. அவள் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் வாசலில் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே பார்த்தேன். அம்மா அடுப்படியில் தனியாக அந்தப் பக்கத்தை விரித்து வைத்திருந்தார். விரல் மேலே போய், ஒரு மணிக்கூட்டின் கீழே நின்றது. அம்மாவின் முகம் மலர்ந்தது. பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார்.

அம்மா பின்பக்கம் விறகு எடுக்கப் போனபோது நான் திறந்து பார்த்தேன். மணிக்கூட்டின் கீழே, கண்ணாடிக்குப் பின்னால், பாதி முகமும் சுருட்டிய காற்சட்டைக் காலும். அவனேதான்.

நான் ஓடிப் போய் அம்மாவிடம் சொன்னேன். கடைசிப் பக்கத்தில் அவனைக் கண்டுபிடித்துவிட்டேன், நானே கண்டுபிடித்தேன் என்றேன். அம்மாவின் விரலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லவில்லை. விறகைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தூக்குவார் என்றோ, வா காட்டு என்று உட்காருவார் என்றோ எதிர்பார்த்தேன்.

"அவகிட்ட சொல்லிராத" என்றார் அம்மா. "பாவம், அவளா கண்டுபிடிக்கட்டும். அதுல அவளுக்கு ஒரு சந்தோசம். நீ போய்ப் படி கண்ணு."

பென்சில் சீவுவதற்கு என்னிடம் பாதி பிளேடு ஒன்று இருந்தது. அவனைச் சுரண்டி எடுக்க அதிக நேரம் ஆகவில்லை. பாதி முகம், கால், மஞ்சள் பெட்டி எல்லாம் வெள்ளைத் தூளாகி என் விரலில் ஒட்டியது. அந்த இடம் வெளுத்துத் தெரிந்ததால் பென்சிலால் மெல்லத் தேய்த்து, ஸ்ட்ரோபரி அழிறப்பரால் ஓரத்தைச் சரி செய்தேன். கண்ணாடியில் விழுந்த நிழல் மாதிரி ஆகிவிட்டது. மிகவும் கவனமாகச் செய்தேன். அந்த வருடம் நான் அவ்வளவு கவனமாகச் செய்த வேறு வேலை எதுவும் இல்லை.

பிறகு அவள் தேடினாள். நாள் தவறாமல் தேடினாள். அம்மா சொல்லிக் கொடுத்தபடி நிரை நிரையாக, கீழிருந்து மேலே, ஓர் ஆளையும் விடாமல். ஒவ்வொரு நாளும் அவளுடைய விரல் அந்த நிழலைத் தாண்டிப் போகும். வாங்கில் இருந்து நான் அதைப் பார்ப்பேன். முதல் நாள் எனக்கு உடம்பெல்லாம் சூடாக, நன்றாக இருந்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான். பிறகு எப்போது அது வயிற்று வலியாக மாறியது என்று தெரியவில்லை. பரீட்சைப் பயம் என்று அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார்.

அவள் கண்டுபிடிப்பாள் என்று அம்மா காத்திருந்தார். ஒரு நாள் பொறுமை இழந்து, "மணிக்கூட்டுக்குக் கீழ உள்ள நெரைய நல்லா பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் பெரியம்மா, இல்லை என்றாள் அவள். அம்மா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். விரலை வைத்தார். வைத்த இடத்தில் முன்னும் பின்னும் ஒருமுறை தடவினார். முற்றல் இலையையும் தளிரையும் பார்க்காமலே பிரிக்கிற விரல் அது. நான் வினாத்தாளில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அம்மா நிமிர்ந்து என் பக்கம் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. கன்னத்தில் அறை விழும் என்று காத்திருந்தேன்.

விழவில்லை. அம்மா அவளை இழுத்து மடியில் வைத்து, காதுக்குள் ஏதோ சொன்னார். தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு தலையை ஆட்டினாள். புத்தகத்தை மூடி வைத்தாள். அதன் பிறகு அந்தப் பக்கத்தில் அவள் தேடவே இல்லை.

நான் செய்ததைத்தான் அம்மா சொல்லியிருப்பார் என்று முடிவு செய்துகொண்டேன். அவள் என்னோடு சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன், வரவில்லை. அதே அக்காதான், அதே சிரிப்புத்தான். அது எனக்குச் சண்டையைவிட மோசமாக இருந்தது. என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டு, என்மேல் கோபப்பட வேண்டாம் என்றும் அம்மா அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் என்னைப் பற்றி ஒரு ரகசியம் இருக்கிறது என்று நினைத்து நினைத்து மேலும் எரிந்தேன்.

பரீட்சை முடிவு வந்தது. வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைவு. நீங்கள் எல்லோரும் என்னைத்தான் எதிர்பார்த்திருந்தீர்கள். தலைமை ஆசிரியர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா தேயிலை கவ்வாத்து வெட்டிய கோலத்திலேயே பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து, கத்தியைக்கூடக் கீழே வைக்காமல், சுவருக்கு மேலால் சித்தப்பாவுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"படிக்கிற புள்ள இருக்கிற வீட்டுல தெனமும் பொம்ம பாத்துக்கிட்டு சிரிச்சுக்கிட்டு இருந்தா, அது எப்படி தேறும்? அந்தப் புஸ்தகம் இனிமே இந்தப் பக்கம் வரக் கூடாது."

அம்மா எதையோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார். அவர் உண்மையைச் சொன்னால் நான் அடி வாங்குவேன். ஆகவே பழி புத்தகத்தின் மேல் போனது. புத்தகத்தோடு அவள் மேலும் போனது. நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் வருவது நின்றது. பின்னேரங்களில் சித்தப்பா வரும்வரை தன் காம்பராவில் தனியாக இருந்தாள். சுவருக்கு மேலால் பக்கம் திருப்பும் சத்தம் எனக்குக் கேட்கும். அம்மா வேலை விட்டு வந்து, முகம் கழுவி, தேத்தண்ணீருக்கு வைத்துவிட்டு, அதே பலகையில் உட்காருவார். மடி காலியாக இருந்தது. அதைத்தானே ஆசைப்பட்டேன். போய் உட்கார எனக்குத் தெரியவில்லை. அம்மாவும் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் சின்னம்மா திரும்பி வந்தார். அவர்கள் உடப்புசல்லாவைப் பக்கம் சித்தப்பாவின் ஊருக்குப் போய்விட்டார்கள். லொறியில் சாமான் ஏற்றியபோது புத்தகம் அவள் கையில் இருந்தது. எனக்குக் கை காட்டினாள். நானும் காட்டினேன் என்று நினைக்கிறேன். காட்டாமலும் இருந்திருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா லிந்துலையில் தன் தம்பி வீட்டிலிருந்து ஹற்றனுக்கு எங்களைப் பார்க்க வந்திருந்தார். வேலையிலிருந்து நின்று சில வருடங்கள் ஆகிவிட்டன. நகத்தின் கறுப்பு மட்டும் போகவில்லை. மழை. நான் சமையலறையில் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து சத்தம் வந்தது.

"இது உன் நெரை, இது என் நெரை."

கத்தி அப்படியே நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். என் மகள் அம்மாவின் மடியில் கிடந்தாள். பூனைப் புத்தகம் விரிந்திருந்தது. என் மகளோடு நான் உட்காரும்போது என் கையில் எப்போதும் பென்சில் இருக்கும். அவளுக்கு "ழ" சரியாக எழுத வருவதில்லை, அதைப் பற்றி எனக்குக் கவலை. நான் பக்கத்தில் வந்தாலே அவள் முதுகை நிமிர்த்திக்கொள்கிறாள். அம்மாவிடம் குழைந்து கிடந்தாள். எனக்கு முப்பத்து நான்கு வயது. வாசற்படியில் நின்றுகொண்டு, அந்த மடியில் கிடக்கிற என் சொந்தப் பிள்ளையைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அவளை அப்படிக் குழைய வைக்கிற அம்மாவைப் பார்த்தும் பொறாமையாக இருந்தது. யார் மேல் அதிகம் என்று பிரிக்கத் தெரியவில்லை.

மகள் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது அம்மாவிடம் கேட்டேன். சின்னம்மா மகளின் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா என்று ஆரம்பித்தேன். கடைசிப் பக்கம் என்றேன்.

"நீ சொரண்டுன பக்கம்தான?" என்றார் அம்மா. சாதாரணமாகச் சொன்னார்.

"தெரியுமா அம்மா?"

"தெரியாமலா. பிளேடால சொரண்டி பென்சிலால பூசியிருந்த. நெரையில ஒரு கொழுந்து போனா எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் அடிக்கல?"

"பரீட்ச இருந்துச்சே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அவளுடைய காதில் என்ன சொன்னீர்கள், என்னைத்தான் சொன்னீர்களா என்று கேட்டேன். அம்மா என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

"உன்னையப் போயி சொல்லுவனா? பெட்டிக்காரன் பிளேன் ஏறிட்டான், உங்கம்மாவக் கூட்டியாரப் போயிருக்கான், அதான் இங்க இல்லைன்னு சொன்னேன். புள்ள நம்பிருச்சு."

இருபத்து நான்கு வருடம் நான் தவறாகவே நினைத்திருந்தேன். அவளுக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாது. அடுத்த வருடம் சின்னம்மா வந்து இறங்கியபோது அவள் என்ன நினைத்திருப்பாள் என்று யோசித்தேன். நான் அழித்த இடத்தில் அம்மா அவளுக்கு அவ்வளவு பெரிய ஒன்றை வைத்துக் கொடுத்திருக்கிறார். உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது குற்ற உணர்ச்சி இல்லை. எனக்கு அப்படியொன்று சொல்லவில்லையே என்பதுதான்.

அதையும் கேட்டுவிட்டேன். என்னோடு ஏன் அம்மா ஒருநாளும் அப்படி உட்காரவில்லை என்றேன். குரல் பத்து வயதுப் பிள்ளையினுடையதுபோல் வந்தது.

அம்மா மடியில் இருந்த புத்தகத்தின் ஓரத்தைத் தடவினார்.

"உன் புஸ்தகத்துல எல்லாம் எழுத்தா இருந்துச்சு" என்றார். "நான் கிட்ட வந்து உக்காந்தா நீ ஏதாச்சும் கேப்ப. எனக்குத் தெரியாதுன்னு உனக்குத் தெரிஞ்சிரும். அது ஒண்ணுலதான் எழுத்து இல்ல."

அம்மா இரண்டாம் வகுப்போடு கொழுந்தெடுக்க மலைக்குப் போனவர். அது எனக்கு எப்போதும் தெரிந்த விஷயம்தான். நல்லாயிருக்கு என்று நிமிராமல் சொன்ன ஒவ்வொரு முறையும் அவர் எதற்குப் பயந்தார் என்று நான் ஒருநாளும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த காம்பராக்காரிக்கு: உன்னுடைய பெட்டிக்காரனை அழித்தது நான்தான். அம்மா சொன்னதை நீ இன்னும் ஞாபகம் வைத்திருந்தால், அதையும் நான் இப்போது கெடுக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. மணிக்கூட்டின் கீழே அவன் இருந்தான். உன் விரல் சரியான இடத்துக்குத்தான் வந்தது, ஒவ்வொரு நாளும்.

மகள் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் மறுபக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு நிரை தாருங்கள் என்று கேட்டேன். மகள் என் கையைப் பார்த்தாள், பென்சில் இருக்கிறதா என்று. பிறகு அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அம்மா தலையை ஆட்டினார்.

"சரி, அம்மா நீங்க இந்த நெரைய எடுங்க" என்று மகள் இடது ஓரத்தைக் காட்டினாள்.

அது அவர்கள் இருவரும் ஏற்கெனவே பார்த்து முடித்த நிரை. சமையலறையில் நின்று நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். அதில் பூனை இல்லை. அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து, கீழிருந்து ஆரம்பித்து, ஓர் ஆளையும் விடாமல் விரலால் மேலே எடுத்துப் போனேன்.